கரையில் நிற்பவள்: நெய்தல் குறியீடும் பழவேற்காட்டுப் பெண்ணும்

தமிழ் இலக்கியத்தை ஒரு பாடமாகப் படித்த எல்லோருக்கும் அந்த அட்டவணை நினைவிருக்கும். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து, மறுநாள் எழுதி, மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோகிற ஐந்து சொற்கள். அவற்றில் நெய்தலின் சொல் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரங்குவது யார்? பெண். எங்கே நின்று இரங்குகிறாள்? கடற்கரையில். ஏன்? அவன் இன்னும் வரவில்லை.

இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கடற்கரைப் பெண்ணை நாம் இப்படித்தான் பார்க்கப் பழகியிருக்கிறோம். சங்கப் பாடலில் தொடங்கிய அந்த உருவம் காப்பியத்துக்குள் போயிற்று, நாவலுக்குள் வந்தது, திரையில் காற்றில் பறக்கும் கூந்தலோடு நின்றது. இன்று நாட்காட்டிப் படங்களிலும் அவள்தான் நிற்கிறாள். காத்திருக்கும் பெண் என்பது ஏக்கத்தின் குறியீடு, கற்பின் குறியீடு, சில சமயம் மரணத்தின் குறியீடு. என் கேள்வி மிக எளியது. கரையில் நிற்கும் அந்தப் பெண் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாள்?

இந்தக் கேள்விக்குப் பழவேற்காட்டில் நின்றுகொண்டு பதில் தேட விரும்புகிறேன். அந்த ஊரில் கடலும் உண்டு, ஏரியும் உண்டு, மீனவ ஊர்களும் உண்டு, கல்லில் செதுக்கிய குறியீடுகளும் உண்டு என்பது ஒரு காரணம். கடற்கரைப் பெண் செய்யும் வேலை அங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது என்பது இன்னொரு காரணம்.

உள்ளுறையின் இரண்டு விதிகள்

குறியீடு, உருவகக் கதை என்று பேசத் தொடங்கினால் நம் வகுப்பறைகள் உடனே மேற்கத்தியக் கோட்பாட்டுக்குப் போய்விடுகின்றன. போகட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்தும் கலைக்குத் தமிழில் பழைய இலக்கணம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் அதை உள்ளுறை என்கிறது. குறுந்தொகையின் எட்டாம் பாடல் இதற்குப் பலரும் அறிந்த சான்று. மரத்திலிருந்து தானாக விழும் மாம்பழத்தைக் குளத்து மீன் சிரமமே இல்லாமல் கவ்விக்கொள்கிறது. பேசுபவள் பரத்தை. தலைவனைத் தான் வலைவீசிப் பிடிக்கவில்லை, அவனாக வந்து விழுந்தான் என்பது அவள் சொல்லாமல் சொல்லும் செய்தி.

உள்ளுறை பற்றித் தொல்காப்பியம் சொல்வனவற்றில் இரண்டு செய்திகள் பெண்ணிய வாசிப்புக்கு மிகவும் பயன்படுபவை. முதலாவது, உள்ளுறைக்கான பொருளைத் தெய்வம் தவிர்த்த மற்றக் கருப்பொருள்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது. பறவை, விலங்கு, மரம், பூ, தொழில் எல்லாம் இன்னொன்றைக் குறிக்கலாம். தெய்வத்தை அந்த வேலைக்கு இழுக்கக் கூடாது. இரண்டாவது, யார் பேசும்போது எதைக்கொண்டு உவமிக்கலாம் என்பது. தலைவி பேசினால் அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழி தன் நிலத்தைத் தாண்டக் கூடாது. தலைவனுக்கு அறிவும் ஆற்றலும் தெரியப் பேசும் உரிமை உண்டு. மற்றவர்களுக்கு வரையறை இல்லை.

இரண்டாவது விதியைப் படித்ததும் நமக்குக் கோபம் வருவது இயல்பு. பெண்ணின் அறிவுக்கு வேலி போடுகிற விதி அது. அவனுக்கு உலகம், அவளுக்கு வீட்டு முற்றம். அந்த வேலியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே விதியைத் திருப்பிப் பிடித்தால் நம் கையில் நல்ல அளவுகோல் ஒன்று கிடைக்கிறது. ஒரு பெண்ணைப் பற்றிய குறியீடு, அந்தப் பெண் அறிந்த பொருளிலிருந்து பிறந்ததா? அல்லது அவள் அறிந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவள்மேல் சுமத்தப்பட்டதா? கடற்கரையைப் பாடிய பிரதிகளை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அதற்கு முன் அவள் அறிந்தவை என்னென்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரியும் பாடும் பறியும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் விரிந்து கிடக்கிறது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தே ஏரியில் மீனும் இறாலும் நண்டும். சுற்றுலாப் பதாகைகளில் இந்த ஏரியின் அடையாளம் பூநாரை. இளஞ்சிவப்புச் சிறகுகள், நீலத் தண்ணீர், தூரத்தில் ஒரு படகு. பதாகையில் பெண்கள் யாரும் இருப்பதில்லை.

ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைப் பங்கிட்டுக்கொள்ள இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை வைப்பது என்று ஊர் முறைவைத்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு. இயற்கை வளத்தைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும் நல்ல முன்மாதிரி என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாட்டில் பங்கு என்பது பட்டினவர் சமூகத்தின் மணமான ஆணுக்கு உரியது. பெண்ணுக்குப் பாடு இல்லை. அந்தச் சமூகத்தைச் சேராத இருளர் போன்றோருக்கும் இல்லை.

பாடு இல்லாதவர்கள் ஏரியில் இறங்குவதே இல்லையா? இறங்குகிறார்கள். ஆழம் குறைந்த இடங்களில் பெண்கள், குறிப்பாக இருளர் பெண்கள், கையாலேயே இறால் தடவுகிறார்கள். படகு இல்லை, வலையும் இல்லை. தண்ணீருக்குள் உடம்பைத் தாழ்த்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலை எடுத்துப் பறியில் போட வேண்டும். பனையோலையில் முடைந்த பறி பல்லில் கவ்வியபடி இருக்கும்.

இந்தக் காட்சியைக் கண்டால் இலக்கிய வாசகியின் மனம் உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். வாய் அடைக்கப்பட்ட பெண்! பேச்சு மறுக்கப்பட்டவள்! எத்தனை அருமையான குறியீடு! அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும்போது பறியைப் பிடிக்க மிச்சம் இருப்பது வாய்தான். அது ஒரு தொழில்நுட்பம். எந்த நேரத்துக்கு நீர் வற்றும், எந்தச் சேற்றில் இறால் ஒதுங்கும், முள் குத்தாமல் எப்படிப் பிடிப்பது என்று பல தலைமுறைகளாகக் கைமாறிவந்த அறிவின் ஒரு பகுதி. அதைப் பார்க்காமல் அவளை மௌனத்தின் சின்னமாக்கினால் அவள் வாயை அடைத்தவர்கள் நாமாகிவிடுவோம்.

கரைக்கு வந்தால் இன்னும் பல வேலைகள். படகு ஒதுங்கும் நேரத்துக்குப் போய் நின்று, ஏலத்தில் மீன் எடுப்பது. தரம் பிரிப்பது. விலைபோகாததைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்குவது, காகமும் நாயும் அண்டாமல் காவல் இருப்பது. கூடை சுமந்து பேருந்து பிடித்து ஊர் ஊராக விற்பது. யாருக்குக் கடன் தரலாம், யாரிடம் கடன் வாங்கலாம் என்று கணக்கு வைப்பது. பழவேற்காட்டின் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். 'அவள் அறிந்தது' என்று தொல்காப்பியம் சொன்னதன் பட்டியல் இவ்வளவு நீளமானது. வீட்டு முற்றத்தோடு அது முடிவதில்லை.

காரணமும் சாக்கும்

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பாடல்களுக்குப் போவோம். நற்றிணையின் 45ஆம் பாடலில் தோழி தலைவனோடு பேசுகிறாள். அவன் தேர் ஓடும் ஊரின் செல்வர் வீட்டுப் பிள்ளை. இவளோ கடலில் மீன்பிடிப்பவர்களின் மகள். சுறாவை அறுத்துக் காயவைத்து, அதன்மேல் இறங்கும் பறவைகளை விரட்டுகிற எங்களுக்கு அழகு எதற்கு, எங்கள்மேல் மீன் வாடை வீசும், நீ கொஞ்சம் தள்ளியே நில் என்கிறாள். பணிவான பேச்சுப்போல் தோன்றும், ஆனால் அதில் பணிவு குறைவு. எங்கள் வாழ்க்கை எங்களுக்கு உயர்வானது, எங்களுக்குள்ளும் உன்னைப் போன்றவர்கள் உண்டு என்று அவள் முடிக்கிறாள். அவன் அழகின் குறியீடாகப் பார்க்க வந்த பெண்ணை, தோழி வேலை செய்யும் பெண்ணாக அவன் முன் நிறுத்துகிறாள்.

அந்த மீன் வாடை இன்றும் அரசியல்தான். 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டி, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அழுது முறையிட்ட காட்சி பரவிய பிறகுதான் நடவடிக்கை வந்தது. நற்றிணைத் தோழி தானாகவே சொல்லிக்கொண்ட வாடையை இன்றைய பேருந்தில் பிறர் சொல்லி இறக்கிவிடுகிறார்கள்.

நற்றிணை 172ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமிகள் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த புன்னைக் கொட்டை முளைத்து மரமாகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். கடற்கரையில் பிறந்த மிக அழகான குறியீடுகளில் ஒன்று இந்தப் புன்னை. பெண்கள் தம் கையால் நட்டு, தாம் வளர்த்து, தாமே உறவுமுறை வைத்த மரம். அவர்கள் அறிந்த பொருளிலிருந்து வந்த குறியீடு. அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார் காட்டும் உப்பு விற்கும் பெண்ணையும் இங்கே சேர்க்கலாம். அதில் காதல் நோயில் வாடுபவன் ஆண். அவள் நெல்லுக்கு உப்பு என்று விலை கூவிக்கொண்டு தெருவில் போகிறாள்.

இப்போது சிலப்பதிகாரத்தின் கானல்வரிக்கு வருவோம். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழெடுத்துப் பாடுகிறான். அவன் பாட்டிலும் மீன் காயவைக்கும் பெண் இருக்கிறாள், பறவைகளை விரட்டுகிறாள். ஆனால் அந்தப் பாடலின்படி பறவை விரட்டுவது வெறும் சாக்கு. உண்மையில் அங்கே நிற்பது ஆளைக் கொல்லும் அணங்கு. அது தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன் என்கிறான் பாடுபவன். இன்னொரு பாடலில் உன் அண்ணன்மார் படகில் போய் உயிர்களைக் கொல்கிறார்கள், நீ புருவத்தால் கொல்கிறாய் என்று வருகிறது.

நற்றிணைத் தோழிக்குக் காரணமாக இருந்த வேலை இங்கே சாக்காகிவிட்டது. கடற்கரைப் பெண்ணின் குறியீட்டு வரலாற்றில் இந்த இடத்தை மிக முக்கியமான திருப்பமாக நான் கருதுகிறேன். வேலை பின்னுக்குப் போய்த் தெய்வம் முன்னுக்கு வருகிறது. உள்ளுறைக்குள் தெய்வத்தை விடாதே என்று இலக்கணம் தடுத்தது எதையோ, அது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது. அதற்கு விலை கொடுத்தவள் யார்? பதிலுக்கு மாதவியும் ஒரு நெய்தல் பெண்ணின் குரலில் பாடுகிறாள். கோவலன் அதைப் பாட்டாகக் கேட்கவில்லை, ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்கிறான். வேறொருவனை மனத்தில் வைத்துப் பாடினாள் என்று முடிவுகட்டிப் பிரிந்து போகிறான். அவன் பாடினால் கலை, அவள் பாடினால் சாட்சியம்! பெண் எழுதுவதை எல்லாம் அவள் சொந்த வாழ்க்கையாகவே படிக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

கடலம்மாவின் சட்டம்

கடலைத் தெய்வமாக்கியது மட்டும் பெண்ணுக்கு எதிரானது என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தெய்வம் யாரைத் தண்டிக்கிறது என்று பார்க்க வேண்டும். மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலா தெய்வம் கடலின் காவல் தெய்வம். புகாரைக் கடல் கொள்கிறது. காரணம், மகனைப் பறிகொடுத்த துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழாவை நடத்த மறந்தான். குற்றம் அரசனுடையது, ஊருக்கான கடமையில் தவறியது.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் மலையாளத்தில் எழுதிய 'செம்மீன்' நாவலுக்கு வரும்போது கடலின் சட்டம் மாறியிருக்கிறது. கடலுக்குப் போன கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது. அவள் தவறினால் கடலம்மா அவனை விழுங்குவாள். சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த நாவலைத் தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. 1965இல் ராமு காரியாட் எடுத்த திரைப்படம் தேசிய விருது பெற்று நாடெங்கும் போயிற்று. கடற்கரை மக்கள் என்றால் இப்படித்தான் நம்புவார்கள் என்ற எண்ணம் உள்நாட்டு வாசகர்கள் மனத்தில் பதிந்ததில் நாவலுக்கும் படத்துக்கும் பெரும் பங்குண்டு.

நாவலை இகழ்வது என் நோக்கம் இல்லை. தகழி கடற்கரையின் வேலையை நன்றாகவே காட்டுகிறார். கருத்தம்மாவின் தாய் சக்கி கூடை சுமந்து மீன் விற்பவள். சொந்தப் படகும் வலையும் வாங்கும் செம்பன்குஞ்ஞுவின் கனவில் அவள் உழைப்புக்கும் பங்கு உண்டு. அந்தக் கனவுக்குப் பரீக்குட்டியிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் ஏமாற்றுகிறான் செம்பன்குஞ்ஞு. நாவலில் நடக்கும் தெளிவான அநியாயம் அதுதான். ஆனால் கடலம்மாவின் சட்டத்தில் கடன் மோசடிக்குப் பிரிவு இல்லை. அவன் மனம் பேதலிக்கிறான், அவ்வளவுதான். கடல் பொங்குவதும் சுறா வருவதும் கருத்தம்மா பழைய காதலனைச் சந்திக்கும் இரவில். அந்தச் சட்டத்தை மகளுக்குச் சொல்லித் தருபவள் தாய் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்களுக்காக எழுதப்பட்ட சட்டத்தைப் பெண்ணின் வாயால் பேசவைப்பது ஆணாதிக்கத்தின் பழைய உத்தி.

இந்தக் குறியீட்டை 'அவள் அறிந்தது' என்ற அளவுகோலால் அளந்து பாருங்கள். கடலில் ஆண்கள் சாவதற்குக் காற்று, நீரோட்டம், பழுதான படகு, கடனுக்கு அஞ்சிப் புயல் எச்சரிக்கையையும் மீறிப் போக வேண்டிய நிலை என்று பல காரணங்கள் உண்டு. மீன் விற்கும் பெண்களுக்கு இவை எல்லாம் தெரியும். நாவலின் முடிவுக்கு அந்த அறிவு தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அவள் உடம்பு மட்டும்.

தமிழில் இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் பிலோமி காதலில் தோற்கிறாள். அதற்காகக் கடல் பொங்கவில்லை. அவள் வாழ்க்கை தொடர்கிறது. ராஜம் கிருஷ்ணன் இன்னும் ஒருபடி மேலே போகிறார். களத்துக்குப் போய், மக்களோடு பேசி எழுதுவது அவர் வழி. மீனவர் வாழ்வைப் பற்றி 'அலைவாய்க் கரையிலே', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்'. உப்பு என்றதும் கண்ணீர், விசுவாசம், காந்தி என்று நமக்குக் குறியீடுகள் வரிசைகட்டி வரும். 'கரிப்பு மணிகள்' படிக்கும்போது உப்பு முதலில் காலைப் புண்ணாக்குகிற, கண்ணைக் கெடுக்கிற, கூலியாக அளக்கப்படுகிற பொருள். அதன் பிறகுதான் அது வேறு எதையும் குறிக்கிறது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கல்லில் செதுக்கிய சாவு

பழவேற்காட்டுக்குப் போகும் மாணவிகள் தவறாமல் படம் எடுக்கும் இடம் டச்சுக் கல்லறை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து, 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அந்தக் கல்லறையின் நுழைவாயிலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியக் கலையில் மண்டையோடும் எலும்புக்கூடும் மணல் கடிகாரமும் திரும்பத் திரும்ப வரும். நீயும் ஒருநாள் சாவாய், செல்வமும் அழகும் நிலைக்காது என்பது அவற்றின் செய்தி. அதே ஐரோப்பாவின் ஓவியங்களில் நிலையாமையைக் காட்ட மிகவும் விரும்பப்பட்ட உருவம் கண்ணாடி பார்க்கும் இளம்பெண், அவள் பின்னால் எலும்புக்கூடு. சாகப்போவது எல்லோரும், பாடமாக நிற்பவள் அவள்.

சாவின் முன் அனைவரும் சமம் என்கிறது அந்தக் கல். ஆனால் அந்தச் செய்தியைக் கல்லில் செதுக்கிவைக்க வசதி இருந்தவர்கள் யார்? அதே நூற்றாண்டில் அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு டச்சுக் கப்பல்களில் படேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த வளாகத்தில் கல் இல்லை. 'எல்லோரும்' என்று பேசுகிற குறியீட்டுக்குள் எப்போதும் சிலர் இல்லாமல் போகிறார்கள்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் மரினா வார்னர் 1985இல் வெளியிட்ட தன் நூலில் இதையே பெண் உருவங்களை வைத்துக் கேட்டார். நீதி, சுதந்திரம், வெற்றி எல்லாம் ஏன் பெண் சிலைகளாக இருக்கின்றன? அந்த நீதியும் சுதந்திரமும் பெண்களுக்குக் கிடைத்ததாலா? டெலக்ரோவா 1830இல் சுதந்திரத்தைக் கொடி ஏந்திய பெண்ணாக வரைந்தார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல். நம் பக்கமும் கதை வேறில்லை. 1905இல் அபனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதா, நம் தமிழ்த்தாய், கடல் அன்னை. தாயாக்கி வணங்கப்படும் கடலில் பெண்ணுக்குப் பாடு இல்லை.

காத்திருத்தல் என்ற வேலை

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கவிதையில் ஒரு பெண் ஏங்கி நின்றால் என்ன குறைந்துவிடும்? 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்கச் சொல்வேன். பழவேற்காட்டிலிருந்து தெற்கே போகும் இதே சோழமண்டலக் கரையில் கடலூர் மாவட்டம் இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை அந்த மாவட்டத்தில் இறந்தவர்களின் கணக்கைத் தருகிறது. பெண்கள் 391. ஆண்கள் 146. ஏறத்தாழ மூன்று மடங்கு.

அந்த அறிக்கை காட்டும் காரணங்களில் ஒன்று இந்தக் கட்டுரைக்கு நேர்ப்பொருள். பெண்கள் கரையில் காத்துக்கொண்டிருந்தார்கள். படகு வரும், மீன் இறங்கும், பக்குவம் செய்து விற்கப் போக வேண்டும். கடலில் படகோடு இருந்த ஆண்களில் பலருக்கு அலை அடியில் நழுவிப் போயிற்று. கரையில் நின்ற பெண்களைத்தான் அது கொண்டுபோனது.

நாம் 'இரங்கல்' என்று பெயரிட்டுப் படித்த காத்திருப்பு அவர்களுக்கு வேலைநேரம். கரை அவர்களின் பணியிடம். அதை ஏக்கத்தின் மேடையாகவே பார்த்துப் பழகிய சமூகத்துக்கு அது பணியிடம் என்று தோன்றுவதில்லை. பணியிடம் என்று தோன்றாத இடத்துக்கு நிழற்கூரை எதற்கு, கழிப்பறை எதற்கு, எச்சரிக்கை ஒலிபெருக்கி எதற்கு? கடலுக்குப் போகிறவரே மீனவர் என்ற நினைப்பில் படகையும் வலையையும் எண்ணி நிவாரணம் பேசும்போது கூடையும் கருவாட்டுப் பாயும் எளிதாக விட்டுப்போகின்றன. கடல் கணவனை விழுங்கும், மனைவி கரையில் பத்திரமாக இருப்பாள் என்பதே செம்மீன் சட்டத்தின் அடிப்படை. 391 என்ற எண் அந்தச் சட்டத்தைப் பொய்யாக்குகிறது.

அப்படியானால் குறியீடே வேண்டாமா?

இப்படிச் சொன்னால் குறியீடுகளையே தூக்கிப்போடச் சொல்கிறேனா என்று வகுப்பில் மாணவிகள் கேட்பதுண்டு. இல்லை. உழைப்பாளிப் பெண் என்பதும் நாளைக்கு ஒரு பதாகைப் படமாகிவிட முடியும். தலையில் கூடை, முகத்தில் வியர்வை, கீழே ஒரு முழக்கம். அதுவும் அவளைக் கேட்காமல் எடுத்த படம்தான். குறியீடு இல்லாமல் மனிதர்கள் வாழ்வதும் இல்லை. மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். மணலிலேயே தெய்வத்துக்கு இடம் அமைத்து, மணலிலேயே தங்கி, உறவுகளைச் சந்தித்து, திருமணங்களும் நடத்துகிறார்கள். அங்கும் கடற்கரையில் ஒரு பெண் தெய்வம் இருக்கிறாள். அவள் முன்னால் நடப்பது உறவுகள் ஒன்றுகூடுவது. துறைமுக விரிவாக்கத்துக்கு எதிராகப் பழவேற்காட்டு மக்கள் பேசும்போது ஏரியைத் தாய் என்று சொல்லும் பெண்கள், அந்தத் தாய் எந்த மாதம் என்ன கொடுப்பாள் என்றும் அறிந்தவர்கள். அறிவோடு சேர்ந்து வரும் குறியீட்டுக்கு வேறு வலு.

ஆகவே ஒரு பிரதியில் கரையில் நிற்கும் பெண்ணைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று மாணவிகளுக்குச் சொல்கிறேன். அவள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? அவளைப் பற்றிய உவமை அவள் அறிந்த பொருளா? குறியீடு தண்டிக்க வரும்போது யாரைத் தேடி வருகிறது? இந்த மூன்றுக்கும் நற்றிணைத் தோழி தேறிவிடுவாள். கானல்வரிக் கோவலன் தேற மாட்டான். 'செம்மீன்' பாதிதான் தேறும். இன்று எழுதும் நம்முடைய கதைகளையும் கவிதைகளையும் இந்தத் தேர்வுக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது.

திணை அட்டவணையை மாற்றி எழுத வேண்டிய தேவைகூட இல்லை. கருப்பொருள் வரிசையைப் பாருங்கள். தெய்வம், உணவு, பறவை, பறை என்று போகும் பட்டியலில் 'தொழில்' என்று ஒரு வரி உண்டு. நெய்தலுக்கு நேரே அங்கே மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் மட்டும் இல்லை. மீன் உணக்கல், விற்றல், உணங்கலைப் பறவையிடமிருந்து காத்தல் எல்லாம் இருக்கின்றன. கரையில் நிற்கும் பெண் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்ற கேள்விக்கு விடை நம் பாடப்புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. தேர்வில் அதைக் கேட்பதில்லை என்பதால் நாம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.